கிழவரின் கைகளைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஆங்கில நாவலைப் பெற்றோரும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். எடுத்துக்காட்டாக எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலைச் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக நான்கு வரி. கியூபாவில் சாந்தியாகோ என்ற முதிய மீனவர். 84 நாள்களாக அவருக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. 85ஆம் நாள் தனியாக வெகுதூரம் போகிறார். அவருடைய படகைவிட நீளமான மார்லின் மீன் ஒன்று தூண்டிலில் மாட்டுகிறது. இரண்டு இரவுகள் அதனோடு மல்லாடி, மூன்றாம் நாள் அதைக் கொன்று, படகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திரும்புகிறார். வழியில் சுறாக்கள் வந்து தின்றுவிடுகின்றன. கரை சேர்வது எலும்புக்கூடு.

*

ஆசிரியர் அம்மா, ‘மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாவல் முழுவதையும் படித்துவிட்டேன். ஒருவர் படகில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். இயற்கை வலிமையானது, மனிதன் விடாமுயற்சி உள்ளவன் என்று எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மேற்கொண்டு என்ன எழுதுவது?
– உயர்நிலை மூன்று மாணவி, ஈசூன்

மகளே, ‘கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறாயே, உன் கட்டுரை அந்த வரியில்தான் இருக்கிறது. அவர் ஏன் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்? படகில் கட்டிவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கலாமே?

கிழவரே இதை யோசிக்கிறார். கட்டினால் மீன் கயிற்றை அறுத்துவிடும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். மரத்தில் கட்டிய கயிறு இளகிக் கொடுக்காது. மீன் திடீரென்று ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் தெறித்துவிடும். மனித உடம்பு அப்படியில்லை. தோள் வளையும், முழங்கால் மடங்கும், வேண்டிய நேரத்தில் கை கொஞ்சம் கயிற்றை விட்டுக்கொடுக்கும். ஆகவே அவர் கயிற்றை முதுகுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, மீனுக்கும் படகுக்கும் நடுவே தம்மையே வைக்கிறார். அந்த இடத்தில்தான் அவர் இரண்டு இரவுகளைக் கழிக்கிறார். மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டம் என்று உன் தலைப்பு சொல்வது, நாவலில் ஒரு முதியவரின் முதுகுத் தோலில் நடக்கிறது.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். மாலையில் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் கயிற்றை, ஒரு மரக்கட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். தூண்டிற்கோல் வைத்துக்கொண்டதில்லை. கயிறு ஆள்காட்டி விரலில் கிடக்க வேண்டும் என்பார். மீன் இழுக்கும்போது நான் பதறிப்போய் இறுக்கிப் பிடித்தால் “விடு, விடு, கொஞ்சம் விடு” என்று மெல்லச் சொல்வார். இந்த நாவலை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மார்லின் இரையைத் தொடும் அந்தப் பக்கங்கள் வரும்போதெல்லாம் அவர் குரல் என் காதில் விழும். கிழவர் கயிற்றைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாகப் பிடித்துக்கொண்டு, ஆழத்தில் மீன் தின்னுவதை விரலால் கேட்கிறார். தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும் என்று காத்திருக்கிறார். பிறகுதான் சுண்டி இழுக்கிறார்.

அந்த ஆழம் எவ்வளவு என்று உனக்குத் தெரிய வேண்டும். அவர் நான்கு தூண்டில்களை நான்கு ஆழத்தில் விடுகிறார்: 40, 75, 100, 125 பாகம். இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. மீன் மாட்டியது 100 பாகத்தில், அதாவது 180 மீட்டருக்குச் சற்று மேல். நம் டக்ஸ்டன் பினாக்கிள் வீடுகள் 50 மாடி, 156 மீட்டர் உயரம். அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று கயிற்றை விட்டால் தரையைத் தொட்ட பிறகும் கையில் மிச்சம் இருக்கும் நீளம் அது. அவ்வளவு கீழே ஒரு மீன் மத்தி மீனைக் கொறிப்பதை விரல் நுனியில் உணர்கிறார். மற்ற மீனவர்கள் கயிற்றை நீரோட்டத்தின் போக்கில் விட்டுவிடுவார்கள், நான் நேராக நிறுத்துகிறேன், ஆனாலும் எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று யோசிக்கிறார். அதிர்ஷ்டம் இருப்பது நல்லதுதான், ஆனாலும் சரியாகச் செய்வதையே விரும்புகிறேன், அதிர்ஷ்டம் வரும்போது தயாராக இருப்பேன் என்பது அவருடைய எண்ணம். ‘விடாமுயற்சி’ என்று நீ எழுத நினைத்ததற்கு இதுதான் சான்று. அந்தச் சொல்லைவிட இந்தப் பத்தி வலுவானது.

நாவலின் ஒரு பகுதியை அச்சிட்டுக் கொடுத்து அதன்மீது கேள்வி கேட்டால், முதலில் கைகளைத் தேடு. வலக்கை கயிற்றால் அறுபடுகிறது. இடக்கை தசை பிடித்து நகம்போல் சுருண்டுகொள்கிறது. அந்தக் கையை அவர் வேறொரு ஆளைப்போல் திட்டுகிறார். அதற்குப் பலம் வரவேண்டுமென்று உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் பச்சைச் சூரை மீனைக் கடித்து மெல்லுகிறார். இயற்கையோடு போராட்டம் என்றால் நாம் கடலைத்தான் பார்க்கிறோம். அவருடைய சொந்தக் கையும் இயற்கைதான், அதுவும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. இதை எழுதினால் உன் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, எதை வாய்விட்டுச் சொல்கிறார், எதை மனத்துக்குள் நினைக்கிறார் என்று பிரித்துப் பார். ஹெமிங்வே இரண்டையும் கவனமாக வேறுபடுத்துகிறார். எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி ஒன்று உண்டு: மனிதனை அழித்துவிடலாம், தோற்கடிக்க முடியாது. முதல் சுறாவைக் கொன்றபின் அவர் அதை வாய்விட்டுச் சொல்கிறார். அதற்கு அடுத்த வரியிலேயே, இந்த மீனைக் கொன்றதற்கு வருந்துகிறேன் என்று மனத்துக்குள் நினைக்கிறார். முதல் வரியை எழுதி இரண்டாவதை விட்டுவிட்ட விடைத்தாள்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். நீ இரண்டையும் சேர்த்து எழுது.

*

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் வேலைக்குப் போதுமான அளவு தெரியும், இலக்கியம் தெரியாது. மகன் இந்த நாவலைப் படிக்கிறான். அவனுக்கு உதவ ஆசை. துணைப்பாட வகுப்புக்கு அனுப்புவதா, தமிழ் மொழிபெயர்ப்பைக் கொடுப்பதா? என் தகப்பனார் நாகப்பட்டினம் பக்கத்தில் கடலுக்குப் போனவர். சிறுவயதில் நானும் அவரோடு போயிருக்கிறேன்.
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

ஐயா, கடைசி இரண்டு வாக்கியங்களைச் சும்மா சேர்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் கடிதத்தின் முக்கியமான பகுதி. இந்த நாவலைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது எந்தத் துணைப்பாட ஆசிரியரிடமும் கிடைக்காது.

தமிழ் மொழிபெயர்ப்பைத் தாராளமாகப் படியுங்கள், நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் கேளுங்கள். முதலில் நீங்கள் படியுங்கள், மகனுக்குப் பிறகு கொடுக்கலாம். அவன் எழுத வேண்டியது ஆங்கிலத்தில், அந்த ஆங்கில வாக்கியங்களோடு அவன் பழகத்தான் வேண்டும். இந்த நாவலின் ஆங்கிலம் எளிமையானது, நீங்களே மகனோடு உட்கார்ந்து பத்துப் பக்கம் வாசித்துவிடலாம். அதிகாரப் பிரிவே இல்லாத சிறிய நூல்.

உதவி என்று நான் சொல்வது வேறு. மகன் வாசித்துக்கொண்டு வரட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். ஒரு பறவை வட்டமடிக்கிறது, கிழவர் உடனே படகை அந்தப் பக்கம் திருப்புகிறார். எதற்கு என்று கேளுங்கள். பறவைக்கடியில் கோலா மீன் துள்ளுகிறது, கோலாவைத் துரத்தும் பெரிய மீன் கீழே இருக்கிறது. இதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள், அவனுக்கு அது புத்தகத்தில் அச்சான ஒரு வரி. கயிறு எந்தச் சாய்வில் போகிறது என்பதைப் பார்த்து மீன் மேலே வருகிறது என்று கிழவர் தெரிந்துகொள்கிறாரே, அது எப்படி? மேகத்தின் அமைப்பைப் பார்த்துக் காற்று மாறாது என்கிறாரே, உங்கள் தகப்பனார் எதைப் பார்த்துச் சொல்வார்? இரவில் மற்றத் தூண்டில்களை அறுத்துவிட்டு அந்தக் கயிறுகளை எல்லாம் எடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறாரே, அத்தனை கயிற்றின் விலை ஒரு மீனவருக்கு என்ன? இந்தக் கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்டால் அவன் கட்டாயம் திகைப்பான். எல்லாவற்றையும் இந்த ஒரு மீனின்மேல் வைத்துவிட்டார் என்பதை எந்த வழிகாட்டிக் குறிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது.

ஒருநாள் மாலை அவனைப் பிடோக் படகுத்துறைக்கு அழைத்துப் போங்கள். தெம்பனிஸிலிருந்து தூரமில்லை. சீனத் தாத்தாக்கள், மலாய் இளைஞர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் என்று வரிசையாக நிற்பார்கள். வாளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் காட்டுவார்கள். நாவலைக் கையில் எடுத்துப் போகவேண்டாம். அங்கே ஒருவர் கயிற்றை விரலில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதை அவன் அரைமணி நேரம் பார்த்தால் போதும்.

தொலைபேசியில் உங்கள் தகப்பனாரிடம் அவனைப் பேசவிட வாய்ப்பிருந்தால் அதையும் செய்யுங்கள். பிடித்த மீன் கைவிட்டுப்போன கதை ஒன்று கடலுக்குப் போன எல்லாரிடமும் இருக்கும். பேரன் கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார்.

*

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் கிழவர் இயேசுவின் குறியீடு என்றும், சுறாக்கள் ஹெமிங்வேயைத் தாக்கிய விமர்சகர்கள் என்றும் இருக்கிறது. ஆனால் குறியீடே இல்லை என்று ஹெமிங்வே சொன்னதாகவும் படித்தேன். எதை நம்பி எழுதுவது?
– தொடக்கக் கல்லூரி மாணவர், பூன் லே

தம்பி, ஹெமிங்வே அப்படிச் சொன்னது உண்மை. 1952இல், நூல் வெளிவந்த மாதத்திலேயே, கலை வரலாற்றாளர் பெர்னார்டு பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில், குறியீடு எதுவும் கிடையாது, கடல் கடல்தான், கிழவர் கிழவர்தான், சுறா சுறாதான் என்றார். இதைத் தேர்வில் எழுதிவிட்டுக் கேள்வியைக் கடந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நூலைத் திறந்தால் வேறு சான்றுகளும் கிடக்கின்றன. இரண்டாவதாக வரும் சுறாக்களைக் கண்டதும் கிழவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. கைகளை ஊடுருவி ஆணி மரத்தில் இறங்கும்போது ஒருவன் தன்னையறியாமல் எழுப்பும் ஒலி என்று ஆசிரியரே எழுதுகிறார். கரை சேர்ந்தபின் பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேடேறுகிறார், விழுகிறார், எழுகிறார். உள்ளங்கைகள் மேலே பார்த்திருக்க, கைகளை நீட்டிக் குப்புறப் படுத்துத் தூங்குகிறார். இவ்வளவையும் எழுதிய ஒருவர் சிலுவையை நினைக்கவில்லை என்று நான் நம்பமாட்டேன்.

விமர்சகர்கள்தாம் சுறாக்கள் என்பதற்கு நூலுக்குள் ஒரு சான்றும் இல்லை. முந்தைய நாவல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது என்ற வாழ்க்கைச் செய்தியை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அதை விட்டுவிடுங்கள்.

வரிசை முக்கியம். பாய்மரம் முதலில் பாய்மரமாக இருக்கட்டும். படகை இரவில் கரையில் விட்டுப் போகும் மீனவர் பாயையும் மரத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போவது நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது, அன்று, முன்பு அவரோடு மீன்பிடிக்கப் போன பையன் உதவிக்கு இருந்தான். மூன்றாம் இரவு தனியாகச் சுமக்கிறார். இதை எழுதி முடித்தபிறகு சிலுவையைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தால் அது நிற்கும். சிலுவையில் தொடங்கினால் கிழவர் காணாமல் போய்விடுவார்.

தமிழ் இலக்கியமும் படிப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குறுந்தொகை 269ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள், கல்லாடனார் பாடியது. நெய்தல் நிலப்பெண் பேசுகிறாள். சுறா தாக்கிய புண் ஆறியதும் அப்பா மறுபடி நீலக் கடலுக்குப் போய்விட்டார், அம்மா உப்பைக் கொடுத்து வெண்ணெல் வாங்க உப்பளத்துக்குப் போயிருக்கிறாள், தலைவன் வருவதற்கு இது நல்ல நேரம், இதை அவனிடம் போய்ச் சொல்ல ஆள் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்கிறாள். பாட்டின் கவனம் முழுவதும் காதலில். புண்ணும் சுறாவும் போகிற போக்கில் வரும் செய்தி. புண் ஆறியதும் மறுபடி போனார் என்பதற்கு அவள் வியக்கவும் இல்லை, அழவும் இல்லை, கடற்கரையில் அது வழக்கம். சாந்தியாகோவின் கைகளில் பழைய தழும்புகள் ஏராளம், ஆனால் ஒன்றுகூடப் புதியதில்லை என்று ஹெமிங்வே முதல் பக்கத்திலேயே எழுதுகிறார். பெரிய மீன் அகப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்று அதற்குப் பொருள். இந்த இரண்டு உடம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். எனக்கு இது பிடித்தமான வேலை.

*

என் மகளுக்குப் பதினைந்து வயது. மதிப்பெண் குறைந்தால் சாப்பிடாமல் அறையில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும் கதையைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? படித்துவிட்டு அழுதாள்.
– ஒரு தாய், செங்காங்

அம்மா, அழுததில் தவறில்லை. கதையில் மனோலின் என்ற பையனும் அழுகிறான். காலையில் குடிசைக்கு வந்து, கிழவர் மூச்சுவிடுவதைப் பார்த்து, கைகளைப் பார்த்து அழுகிறான். காப்பி வாங்கப் போகும்போதும் வழியெல்லாம் அழுகிறான், மற்ற மீனவர்கள் பார்க்கிறார்களே என்று வெட்கப்படவில்லை.

உங்கள் மகளோடு கடைசிச் சில பக்கங்களை மட்டும் மறுபடி படியுங்கள். பையனின் பெற்றோர் அவனை இந்த அதிர்ஷ்டமில்லாத கிழவரோடு போகக்கூடாது என்று 40 நாளைக்குப் பிறகு வேறு படகுக்கு அனுப்பியவர்கள். இப்போது அவன், இனி உங்களோடுதான் வருவேன் என்கிறான். கிழவர், என்னைத் தோற்கடித்துவிட்டன என்கிறார். மீன் உங்களைத் தோற்கடிக்கவில்லை என்று பையன் சொல்கிறான். இல்லை, அதற்குப் பிறகுதான் என்று இவர் ஒத்துக்கொள்கிறார். அதற்குமேல் இருவரும் தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. நல்ல குத்தீட்டி ஒன்று வேண்டும், பழைய ஃபோர்டு காரின் வில்தகட்டில் அலகு செய்யலாம், குவானபகோவா என்ற ஊரில் சாணை பிடிக்கலாம் என்று பேச்சு போகிறது. காற்று எத்தனை நாள் அடிக்கும், அதற்குள் கைகள் ஆறிவிடுமா என்று பேசுகிறார்கள். பையன் சாப்பாடும் செய்தித்தாளும் கைகளுக்கு மருந்தும் கொண்டுவரப் போகிறான்.

அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம் என்பதற்கு அந்தப் பையனிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன். நாவலின் தொடக்கத்திலும் அவன்தான் சாப்பாடு கொண்டுவருகிறான்: கறுப்பு அவரையும் சோறும், வறுத்த வாழைப்பழம், கொஞ்சம் குழம்பு. நீங்கள் சாப்பிடாவிட்டால் நான் உயிரோடு இருக்கும்வரை மீன்பிடிக்க விடமாட்டேன் என்கிறான். அறிவுரை சொல்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேஸ்பால் பேசுகிறான். மகள் பல நாள் தொடர்ந்து சாப்பிடாமல் ஒதுங்கியிருந்தால் பள்ளியில் இருக்கும் ஆலோசகரிடம் தயங்காமல் பேசுங்கள். அதை நாவலிடம் விடவேண்டாம்.

*

பெருமீன்கள் அருகிவரும் இந்தக் காலத்தில், 1,500 பவுண்டு எடையுள்ள ஓர் உயிரைக் கொன்றவரை வீரராகப் படிப்பது சரியா?
– இயற்கை ஆர்வலர், உட்லண்ட்ஸ்

உங்கள் கேள்வியைக் கிழவரே கேட்கிறார். மீனைக் கொன்றது பாவமா என்று நெடுநேரம் யோசிக்கிறார். உயிரோடு வாழவும் பலருக்கு உணவாகவும்தான் கொன்றேன் என்கிறார். உடனே, அப்படியில்லை, பெருமைக்காகவும் கொன்றாய், நீ மீனவன் என்பதற்காகவும் கொன்றாய் என்று தம்மையே மறுக்கிறார். மீனைச் சகோதரன் என்றே அழைக்கிறார். இந்த மீனைத் தின்னும் தகுதி மனிதர்களில் யாருக்கு இருக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றுகிறது. முன்பு ஒருமுறை மார்லின் சோடியில் பெண்ணைப் பிடித்தபோது, ஆண் விலகாமல் படகைச் சுற்றிவந்து, அது எங்கே என்று பார்க்க உயரத் துள்ளியதை நினைத்துக்கொள்கிறார். மார்லின்களிடம் தாம் கண்ட காட்சிகளில் மிகவும் துயரமானது அதுதான் என்கிறார்.

வீரர் என்று அவருக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துடுப்பால் தள்ளும் சிறு படகில் கையால் கயிறு பிடித்த ஒருவரால் கடல் வற்றவில்லை என்பது மட்டும் என் கருத்து. அந்தக் கிராமத்திலேயே இளைஞர்கள் கயிற்றுக்கு மிதவைகளும், சுறா ஈரல் விற்ற பணத்தில் வாங்கிய மோட்டார் படகுகளும் வைத்திருப்பதாக நாவல் சொல்கிறது. கடலை எதிரி என்று பேசுவது அவர்கள்தாம். கிழவருக்குக் கடல் ஒரு பெண், தருவாள், தராமலும் இருப்பாள். மனிதனும் இயற்கையும் எதிரெதிர் என்று கேள்வித்தாள் பிரிப்பதைக் கிழவர் ஏற்கமாட்டார்.

உயிரியல் அறிந்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நாவலில் மீன் ஆண். உண்மையில் நீல மார்லினில் பெண்தான் பேருரு எடுக்கும், ஆண் அதில் சிறு பங்குதான் வளரும். ஹெமிங்வே அந்தக் கடலில் ஆண்டுக்கணக்கில் பெருமீன் பிடித்தவர். ஆனாலும் அவருடைய கதைக்கு ஒரு சகோதரன் தேவைப்பட்டான்.

*

இது உண்மைக் கதையா?
– ஓய்வுபெற்ற வாசகர், தோ பாயோ

ஒரு விதை உண்மை. 1936இல் எஸ்குவயர் இதழில் ஹெமிங்வே எழுதிய கட்டுரை ஒன்றில், சிறு படகில் போன ஒரு முதியவர் பெரிய மார்லினைப் பிடித்து, அது அவரை வெகுதூரம் இழுத்துச் சென்று, கடைசியில் சுறாக்கள் தின்றுவிட்ட செய்தி ஒரு பத்தியாக வருகிறது. மற்ற மீனவர்கள் கண்டெடுத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தாராம். அந்தப் பத்தி நாவலாக வளர்ந்து வெளிவந்தது 1952இல். லைஃப் இதழ் முழு நாவலையும் ஒரே இதழில் வெளியிட, இரண்டு நாளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. 1953இல் புலிட்சர் பரிசு, 1954இல் நோபெல் பரிசு. கட்டுரையில் வந்த முதியவர் அழுதார், நாவலின் கிழவர் அழுவதில்லை, அந்த அழுகை பையனுக்குப் போய்விட்டது. ஐயா, நீங்கள் இரண்டையும் தேடிப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.

*

எனக்குப் பேஸ்பால் தெரியாது. டிமாஜியோ வரும் இடங்களை விட்டுவிட்டுப் படிக்கலாமா?
– உயர்நிலை மூன்று மாணவர், ஜூரோங்

விடாதே. ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியவேண்டாம். ஜோ டிமாஜியோ நியூயார்க் யாங்கீஸ் அணியின் பெரிய ஆட்டக்காரர், அவருடைய குதிகாலில் எலும்பு வளர்ந்து வலி கொடுத்தது, அந்த வலியோடு ஆடினார், அவருடைய தந்தை மீனவர். இந்த நான்கு செய்திகள் போதும்.

பென்சிலை எடுத்துக்கொண்டு டிமாஜியோ பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் பக்க ஓரத்தில், அந்த நேரத்தில் கிழவரின் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று எழுது. மீன் இழுத்துக்கொண்டு போகும்போது, குதிகால் வலியோடும் எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்யும் டிமாஜியோவுக்குத் தகுதியானவனாக நான் இருக்கவேண்டும் என்கிறார். முதல் சுறாவின் மூளையில் ஈட்டியை இறக்கியபின், நான் அடித்த அடி டிமாஜியோவுக்குப் பிடித்திருக்குமா என்று யோசிக்கிறார். உடனே, அது பெரிய காரியமில்லை, யாரும் செய்யக்கூடியதுதான் என்கிறார். அதற்கடுத்து, என் கைகள் அந்தக் குதிகால் எலும்பு அளவுக்குப் பெரிய இடையூறுதானா என்று கேட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்பதை ஒரு பக்கம் எழுதி உன் ஆசிரியரிடம் கொடு.